பாடு என்றால் முறை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த என் மகள் நிலா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அம்மா, தேவி பாட்டு கம்பெனியா ஸ்டார்ட் பண்றா?”

“இல்லையே, நண்டு கம்பெனி.”

“அப்போ ஏன் எல்லாரும் பாடணும்னு எழுதியிருக்கா?”

தேவி என் அண்ணன் மகள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் இருக்கிறாள். இந்த வருடம் பி.காம். முடித்தவள். நிலா கனடாவில், இந்த ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தேவி தொடங்க நினைக்கும் தொழிலைப் பற்றிய குறிப்புகளைப் படங்கள் போட்டு அழகாக்கித் தருவதாக நிலா ஒப்புக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வரி, ‘எங்கள் தொழில் பாடு முறையில் நடக்கும்.’ நிலாவுக்குத் தெரிந்த பாடு ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆடு, பாடு, ஓடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் மழையிலும் பனியிலும் காரில் கொண்டுபோய் விட்டேன்.

சிரித்தேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வலித்தது.

பெரும்பாலான தமிழர்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். பட்ட பாடு, பெரும்பாடு என்று சொல்கிறோமே, அது. எங்கள் ஏரியில் மட்டும் பாடு என்றால் முறை. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்தில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். வலை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. என் நைனா, அதாவது அப்பா, பாடு வந்த நாளில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். பாடு இல்லாத நாளில் வலை தைப்பார், தூங்குவார், அம்மாவோடு சண்டை போடுவார். எவ்வளவு இறால் ஓடினாலும் அடுத்தவன் பாடு நாளில் வலை போடமாட்டார்.

இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நிலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓ, டர்ன்!” என்றாள்.

“ஆமாம், டர்ன்.”

“இதச் சொல்ல எதுக்கும்மா இவ்ளோ நேரம்?”

தோசை கருகிப்போயிருந்தது.

2

நான் இங்கே வந்து இருபது வருடமாகப் போகிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் நைனாவின் பெயர் ஏறிவிட்டதால், வங்கி, மருத்துவமனை, அலுவலகம் என்று போகிற இடமெல்லாம் நான் ‘மிஸஸ் ஏழுமலை’. என் நைனாவை எனக்கே கட்டி வைத்துவிட்டார்கள். வந்த புதிதில் திருத்தப் பார்த்தேன். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துச் சான்றைக் கேட்டது. அந்த அலுவலகம் இதனுடையதைக் கேட்டது. விட்டுவிட்டேன். மீஞ்சூரைத் தாண்டினாலே தலை சுற்றுகிறது என்று சொன்ன மனிதரை இந்தக் குளிர் தேசத்தில் நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போதெல்லாம் அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வேலை ஒரு பல்கலைக்கழகத்தில். மாணவர்களும் புதிதாகப் பட்டம் வாங்கியவர்களும் சொந்தத் தொழில் தொடங்க உதவுகிற பிரிவு. ஒரு யோசனையைச் சுருக்கமாக எப்படிச் சொல்வது, வாடிக்கையாளர் யார், போட்டியாளர் யார், அவரை எப்படி முந்துவது என்று கேள்வி கேட்டுக் கேட்டு அவர்களைத் தயார்படுத்துவது என் பொறுப்பு. கேள்வி கேட்பதில் எனக்கு நல்ல பெயர். மாணவர்கள் என் அறைக்குள் வரும்போதே முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார்கள்.

இங்கே நான் முதலில் அதிசயப்பட்டது, தோற்றவர்களைப் பார்த்துத்தான். ஒரு பையன் கடற்பாசியில் சோப்பு செய்து விற்றான். போணியாகவில்லை, மூடினான். மூடிய அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தான். அவனுடைய அம்மாவும் வந்து ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள். எங்கள் பக்கத்தில் ஒருவன் கடையை மூடினால் துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் வருவார்கள். “அப்பவே சொன்னேன்” என்பதற்கென்றே இரண்டு பேர் வருவார்கள். படித்த பிள்ளைகளுக்குத் தைரியம் இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் ஊரில் நிறைய. பிள்ளைகளிடம் தைரியம் இருக்கிறது. தோற்றுவிட்டு வந்தால் முகம் சுளிக்காமல் சோறு போடுகிற வீடுதான் குறைவு.

3

தேவியும், அவளோடு படித்த அஞ்சலி என்கிற பெண்ணும் சேர்ந்துதான் இந்த யோசனையைப் பிடித்தார்கள். அஞ்சலியின் வீட்டார் வலை இல்லாமல், ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். சாயங்காலமானால் கரையில் ஒரே வியாபாரி. அவர் சொன்னதுதான் விலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கூடையோடு போய் நின்றால் விலை இன்னும் விழும். பெண்கள் இருவரும் அந்த நண்டை உயிரோடு, கொடுக்கைக் கட்டி, சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் நேராக அனுப்பப் பார்த்தார்கள். யார் நண்டு எந்த நாளில் போகும் என்பதற்கு ஒரு பாடு. வலைக்காரர் வீட்டுப் பெண்கள் பாதி, கையால் பிடிக்கிற வீட்டுப் பெண்கள் பாதி. மாசி மாதத்திலிருந்து சின்ன அளவில் நடத்தியும் பார்த்துவிட்டார்கள்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் மையம், புதுப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் தாங்கிப் பிடிக்கிறது. தொடங்கக் கொஞ்சம் நிதி, குளிர்பதன வசதி, கேட்டால் சொல்லித்தர ஆள். தேவி விண்ணப்பித்தாள். இணையதளம் அவளைப் படாதபாடு படுத்தியது. தொழில் நடக்கும் இடத்தின் கதவு எண் கேட்டது. ஏரிக்கு ஏது கதவு? தொழில் வகையில் மென்பொருள் இருந்தது, உற்பத்தி இருந்தது, மீன் இல்லை. ‘பிற’ என்று அழுத்தினால் விளக்குக என்றது. விளக்கினால் எழுத்துகள் அதிகம் என்றது. அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் பெயர் வேண்டும் என்றது. அதற்கு என் பெயரைப் போட்டாள். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

இதற்கு நடுவில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சேரச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் நண்டுப் பேச்சை விடவில்லை என்று தெரிந்ததும் எனக்குத்தான் போன் வந்தது.

“நீ அங்க குந்திகினு இவள ஏத்தி வுடாத கலா. பி.காம். படிக்க வெச்சது நண்டு கட்டவா?”

“நண்டு கட்ட இல்லண்ணா. நண்டு கம்பெனி வைக்க.”

“ரெண்டும் ஒரே நாத்தம்தான்.” பிறகு குரல் இறங்கியது. “நான் தண்ணில கெடந்தது போதும்மா. இவளாவது மாசம் பொறந்தா சம்பளம்னு இருக்கட்டும். புயல்னா படகு போவாது, வயிறு கேக்குமா? உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும்.

“இன்னொண்ணு. பாடு, பாடுன்னு எழுதிகினு கீறா. பாடுன்றது வலைக்காரனுக்கு. பொம்பளைங்களுக்கு ஏது பாடு? கையில தடவுறவங்களுக்கு ஏது பாடு? அந்த வார்த்தைய வெச்சி வெளாடாதன்னு சொல்லு.”

தேவி அப்பாவை மீறுகிற பெண் இல்லை. தொழிற்சாலையில் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினாள். மையம் எடுத்துக்கொள்ள வேண்டும், தன் நைனாவும் சரி என்று சொல்ல வேண்டும்; இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவதாக என்னிடம் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

4

ஒத்திகை பார்த்தோம். திரையில் அவள், இந்தப் பக்கம் நான். மாணவர்களைக் கேட்கிற அதே தோரணையில் ஆரம்பித்தேன்.

“உன் போட்டியாளர் யாரு?”

“கரையில வாங்குற வியாபாரி.”

“சரி. உனக்கு நண்டு தர்றவங்களுக்குள்ள போட்டி எப்படி? நல்ல நண்டு கொண்டு வர்றவங்களுக்கு அதிக ஆர்டர்னு வைக்கணும். அப்பதான் தரம் ஏறும்.”

“அங்க போட்டியே கெடையாது அத்த. போட்டி வோணாம்னுதானே பாடு.”

“அப்படிச் சொன்னா குழு சிரிக்கும் தேவி. முறை வெச்சுப் பிரிச்சுக் கொடுக்கிறதுக்கு அது ரேஷன் கடையா?”

“சிரிச்சா சிரிக்கட்டும். பாடு மொறைய எடுத்துட்டா அப்புறம் அது எந்த ஊரு கம்பெனி? அஞ்சலி அம்மா எங்கிட்ட எதுக்கு வரணும்? அந்த வியாபாரிகிட்டயே போலாமே.”

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் இதே வேலையில் இருக்கிறேன், நேற்றுப் பட்டம் வாங்கியவள் எனக்குச் சொல்லித்தருகிறாளா என்கிற கோபம்தான். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

“சொன்னா கேக்க மாட்டே. இனி உன் பாடு,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “அதான் அத்த. எம் பாடுதான்.”

நிலா செய்து கொடுத்த படங்களில் முதல் படத்தில் அந்தச் சொல் பெரிதாக, நீல நிறத்தில் இருந்தது. மேசையில் விரலால் எழுதிப் பார்த்துப் பழகி, தானே தட்டச்சு செய்திருந்தாள். ஒரு கால் விட்டுப்போய் ‘படு முறை’ என்று வந்திருந்தது. தேவி எனக்குச் செய்தி அனுப்பினாள்: “நிலா எங்க எல்லாரையும் படுக்க வெச்சிட்டா.” அதை நிலாவிடம் படித்துக் காட்டினால் முகம் சுருங்கும் என்று பயந்தேன். அவள் என் கைப்பேசியைப் பிடுங்கித் தேவியையே கூப்பிட்டாள். இருவரும் அரைகுறைத் தமிழிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசிப் பேசிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து என்னைக் கேட்காமலே பேசிக்கொள்கிறார்கள். அத்தை தேவையில்லாத இடத்தில் நிற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

5

நேர்காணல் காணொளியில் நடந்தது. அவர்களுக்கு மாலை, எங்களுக்குக் காலை. எங்கள் குப்பத்தில் காற்று அடித்தால் இணையம் போய்விடும் என்பதால், தேவியும் அஞ்சலியும் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டிகள் பார்க்கலாம், பேசக் கூடாது என்பது விதி. நான் ஒலியை அணைத்துவிட்டு, தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

குழுவில் தலைவராக ஒரு பேராசிரியர். அவர் பக்கத்தில், சொந்தமாக உணவுப் பொருள் நிறுவனம் நடத்துகிற ஓர் அம்மையார். தேவி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அம்மையார் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

“தேவி, உங்க ஆங்கிலச் சுருக்கத்துல ஒரு விஷயம் எனக்குப் புரியல. ‘பெண்களுக்குச் சுழற்சி முறையில் துன்பம் வழங்கப்படும்’னு இருக்கு. ‘ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமான துன்பம் கிடைக்க உறுதி செய்வோம்’னு இருக்கு. இத யாரு வழங்கப்போறாங்க?”

கோப்பையை மேசையில் வைத்தேன். விண்ணப்பத்தோடு கொடுக்கச் சொன்ன சுருக்கத்தைத் தேவி தமிழில் எழுதிக் கைப்பேசியில் கொடுத்து மொழிபெயர்த்திருக்கிறாள். எல்லா இடத்திலும் பாடு துன்பமாகிவிட்டது. அதை நான் பார்க்கவே இல்லை; படங்களைத்தான் பார்த்தேன்.

திரைக்கு வெளியே அஞ்சலி களுக்கென்று சிரிப்பது கேட்டது. தேவி முகம் சிவந்து, உதட்டைக் கடித்து, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

“இல்ல மேடம், எங்க ஊர்ல பாடுன்னா கஷ்டம் இல்ல. மொறை,” என்று தொடங்கினாள். எனக்கு ஒரு தோசை கருகும் நேரம் பிடித்ததை அவள் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “அதெல்லாம் சரிம்மா. ஆனா தொழில்னு வந்தா நல்ல சரக்கு யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டதான் வாங்கணும். முறை வந்துடுச்சுன்னு மோசமான நண்டை வாங்கி அனுப்புவியா?”

நான் கேட்ட அதே கேள்வி. என் குரல் அவர்களுக்குக் கேட்காது என்பதையும் மறந்து வாயை மூடிக்கொண்டேன்.

“சார், தண்ணி நண்டுன்னு ஒண்ணு கீது,” என்றாள் தேவி. அவசரப்படவில்லை. “ஓடு மாத்தி கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும். வெளிய பாத்தா பெருசா இருக்கும், உள்ள சதை இருக்காது, தண்ணிதான். வாங்குனவங்க ஒரு தபா ஏமாந்தா மறுபடி வர மாட்டாங்க. அத யாரு கண்டுபுடிக்கிறது? நான் ஒருத்தி பாத்துத் தள்ளுனா, வேண்டியவ வேண்டாதவன்னு பேச்சு வரும். அதனால அன்னிக்குப் பாடு இல்லாதவங்கதான் நண்ட பாக்குறது. நாளைக்கு அவங்க பாடு. இன்னிக்கு ஒரு தண்ணி நண்டு பொட்டியில போச்சுன்னா, நாளைக்கு ஆர்டர் கொறையும். அடி அவங்களுக்கு. அதான், வுட மாட்டாங்க.”

“சொந்த அக்கா கொண்டு வந்த நண்டா இருந்தா?” என்றார் அம்மையார்.

தேவி வாயைத் திறப்பதற்குள் திரைக்கு வெளியிலிருந்து அஞ்சலியின் குரல் வந்தது. “அக்காதுன்னா இன்னும் நல்லா அமுக்கிப் பாப்போம் மேடம்.”

அம்மையார் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். “ரெண்டு தரப்புப் பெண்களையும் சேர்த்திருக்கீங்க. இந்தப் பாடு முன்னாடியிருந்தே எல்லாருக்கும் உண்டா?”

தேவி அஞ்சலி பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாவின் குரல் அவள் காதில் கேட்டிருக்கும்.

“இல்ல சார். அஞ்சலி வீட்டுக்கு ஏரியில பாடு கெடையாது. எங்க வீட்லயும் நைனாவுக்குத்தான், எங்கம்மாவுக்குக் கெடையாது. எங்க நண்டுப் பொட்டியில எல்லாருக்கும் உண்டு.”

எத்தனையோ பிள்ளைகளின் பேச்சை இந்த வேலையில் கேட்டிருக்கிறேன். பளபளப்பான பேச்சு, மனப்பாடம் செய்த பேச்சு, அழவைக்கிற பேச்சு. தான் ஆரம்பிப்பது எது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்து பேசியவர்கள் குறைவு. எந்த முறையை எடுத்துவிடு என்று நான் சண்டை போட்டேனோ அதுதான் அவளுடைய தொழிலே. பெருமையாக இருந்தது. நிலா அரைத் தூக்கத்தில் எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். “ஜெயிச்சுட்டாளா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

6

இரண்டே நாளில் மையத்திலிருந்து பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

மையம் சரி என்றுவிட்டது. அண்ணன் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேவியின் துணிப்பெட்டி கட்டியபடியே கதவோரம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. “நைனா இன்னிக்கு நாங்க நண்டு பாக்குற எடத்துக்கு வந்தாரு அத்த. யார்கிட்டயும் பேசல. ஒரு நண்ட எடுத்து அடியில அமுக்கிப் பாத்துட்டு, அஞ்சலி அம்மா கையிலயே குட்த்துட்டுப் போய்ட்டாரு.” இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். என் அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வழக்கம்போல அண்ணனைக் காணொளியில் கூப்பிட்டேன். அவர்களுக்குச் சாயங்காலம். வாசற்படியில் உட்கார்ந்து பேசினார். அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கீற்றுக் கொட்டகையில் பெண்கள் கூடைகளைச் சுற்றி நிற்பது தெரிந்தது. தேவி நடுவில் நின்று பெட்டியில் ஈரச் சாக்கு விரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. காற்று எப்படி, முட்டி வலி எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது பக்கத்தில் கிடந்த தேவியின் கைப்பேசி அடித்தது. அண்ணன் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அவள் கையெல்லாம் சேறு. அவரே எடுத்தார். எதையோ அழுத்தியதில் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண்.

“சார், தேவி இருக்காங்களா? திங்கட்கிழமை கண்டிப்பா ஜாயின் பண்ணிடுவாங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“வர மாட்டாம்மா. அவளுக்கு இங்க பாடு கீது.”

அந்தப் பெண்ணின் குரல் இளகிவிட்டது. “ஐயோ, வீட்ல எதாவது கஷ்டமா சார்? வேணும்னா நான் மேனேஜர்கிட்ட சொல்லி இன்னும் ஒரு வாரம் வாங்கித் தரேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, கொட்டகையில் குனிந்து நின்ற மகளைப் பார்த்தார்.

“கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. எங்க நைனாவுக்கு வரும், எனக்கு வரும். இப்ப எம் பொண்ணுக்கு வந்துக்கீது.”